ஓடை சொன்ன தேர்தல் முடிவு

போன சட்டமன்றத் தேர்தலில், வாக்கு எண்ணி முடிவதற்குள், தோற்றுக்கொண்டிருந்த வேட்பாளரின் வீட்டு வாசலில் ரோஜா மாலையோடு போய் நின்றவள் நான். கைப்பேசியில் ஒரு பந்தயத் தளம் எங்கள் தொகுதி அவருக்குத்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தது. அவர் நல்ல மனிதர். “வாங்குனது வாங்கிட்டீங்க, போட்டுட்டே போயிருங்க” என்று கழுத்தை நீட்டினார். ஐம்பது வயதில், அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற ஒருத்தி இப்படிச் செய்யலாமா என்றால், இந்தத் தொழிலை நான் ஒன்பது வயதிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கு நடுவே ஓடிய ஓடையின் கரையில் குடியிருந்தோம். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு சின்னப் பாலம். அதன் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு நின்றால் கீழே தண்ணீர் ஒருநாள் ரோஸ், ஒருநாள் மாம்பழ மஞ்சள். சில காலைகளில் இரண்டு பட்டறைத் தண்ணீர் ஒன்றோடொன்று கலக்காமல், கோபித்துக்கொண்ட அக்கா தங்கை போலப் பக்கம் பக்கமாகப் போகும். மேலே லேசாக ஆவி எழும்பும். அந்த ஆவிக்குள் எதிர்க்கரையின் முருங்கை மரம் மிதப்பதுபோல் இருக்கும். பள்ளி மணி அடிப்பது எனக்கு வேறு ஏதோ ஊரில் கேட்கும். உலகத்து ஓடையெல்லாம் இப்படித்தான் என்று நம்பினேன். பாடப்புத்தகத்தில் ஆற்றுக்கு நீலம் தீட்டியிருந்ததைப் பார்த்து, அந்த ஊரில் நீலக் கலர் ஆர்டர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கிணறு இருந்தும், அதே பாலத்தின் மேல் அம்மா இரண்டு குடங்களோடு நாலு தெரு தள்ளியிருந்த குழாயடிக்குப் போவாள். பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லாரும். ஒருத்தியும் ஓடைப்பக்கம் திரும்பமாட்டாள். ரசனை கெட்டவர்கள் என்று முடிவுகட்டியிருந்தேன்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பனியன் கம்பெனியில் டெய்லர். பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கி முன்னறையில் போர்வை போர்த்தி வைத்திருந்தார். துணியை மூட்ட ஓவர்லாக், ஓரம் மடித்து அடிக்க பேட்லாக். இரண்டும் இருந்தால் டெய்லர் முதலாளியாகிவிடலாம். மாமாவிடம் இல்லாத பேட்லாக், அவர் கம்பெனிக் கட்டிங் மாஸ்டரிடம் இருந்தது. மாஸ்டரிடம் இல்லாத ஓவர்லாக் மாமாவிடம் இருந்தது. கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. தேர்தல் வந்தது, மிஷினுக்கு மிஷின் பந்தயம் கட்டலாம் என்று தோன்றியது.

காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு டீக்கடை. காலையில் அங்கே நூல் விலை பேசுவார்கள். அந்த மாதம் நூலோடு, தொகுதியில் யார் ஜெயிப்பார் என்பதற்கும் பந்தய ரேட்டு வந்தது. பச்சைத் துண்டு வேட்பாளர் சாயப்பட்டறை முதலாளி. ஊதாத் துண்டு வேட்பாளர் சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்பவர். எவன் துண்டுக்கு அதிகம் சாயம் ஏறுகிறதோ அவனிடம் ஆளும் காசும் இருக்கிறது, அவனே ஜெயிப்பான் என்பது மாமாவின் சித்தாந்தம். துண்டுக்கு ஏறியதுபோக மிச்சம் எங்கள் ஓடையில்தானே வரவேண்டும்?

“கண்ணு, இன்னைக்கு என்ன கலரு?”

“பச்சைங்க மாமா.”

“கிளிப்பச்சையா, கரும்பச்சையா?”

“கிளிப்பச்சைங்க.”

“போதுஞ் சாமி” என்று சைக்கிளை மிதிப்பார். சாயங்காலம் டீக்கடையில் பச்சைக்கு ரேட்டு ஏறியிருக்கும். ரேட்டு ஏறியதைக் கேட்டுப் பச்சைக்காரர்கள் குளிர்ந்துபோய் இன்னும் ஆயிரம் துண்டுக்குச் சொல்லுவார்கள். மறுநாள் ஓடை இன்னும் பச்சையாகும். நான் போய்ச் சொல்லுவேன். ரேட்டு மறுபடி ஏறும். கடைசி வாரத்தில் ஒரு வெள்ளை நாய் ஓடைக்குள் இறங்கி நாலு கிளிப்பச்சைக் கால்களோடு கரையேறி, தனக்கு எதுவுமே நடக்காததுபோல் நடந்து போனது. கனவிலும் எனக்கு வானம் பச்சை, அம்மாவின் குடம் பச்சை.

பந்தயத்தைச் சாட்சி வைத்துப் பேசிய அன்று என்னையும் டீக்கடைக்குக் கூட்டிப்போயிருந்தார். மாஸ்டர் தயங்கினார். “மாப்ளே, ரோசனை பண்ணிக்குங்க. மிஷினுங்க அது, முறுக்கு இல்லீங்க.”

“ஓடையே சொல்லுதுங்க மாஸ்டர். உங்க பேட்லாக்குக்கு எண்ணெய் போட்டு வைங்க, நான் வந்து எடுத்துக்கறேன்.”

ஊதா ஜெயித்தது. அதுவும் இழுபறி இல்லாமல்.

மறுநாள் மாஸ்டர் தள்ளுவண்டியோடு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். “வேண்டாம்னா விட்டுருங்க மாப்ளே.” மாமா போர்வையை எடுத்து, நாலாக மடித்து, கையில் வைத்துக்கொண்டார். மிஷின் போனது. இரண்டு மாதத்தில் மாஸ்டர் சொந்தக் கம்பெனி போட, மாமா அதே மிஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கப் போனார். எனக்கு ஒரே குற்ற உணர்ச்சி. “மாமா, அது கரும்பச்சையோ என்னமோங்க, நான்தான் சரியாப் பாக்கலை” என்று அழுதேன். “இல்ல சாமி, நீ சரியாத்தான் பாத்தே” என்றார்.

ஊதாக்காரர்கள் துண்டுக்கு ஈரோட்டில் சாயம் போட்டிருப்பார்கள், அதனால்தான் ஓடைக்குத் தெரியவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே விளக்கம் கண்டுபிடித்தேன். கூட்டத்தின் கணிப்பு எங்கே பிசகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று பல பேரிடம் விளக்கியும் இருக்கிறேன். மாலை போட்டுவிட்டு வந்த அன்று அம்மாவிடமும் விளக்கினேன். அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“ஈரோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. கெணத்துல வாளியப் போட்டா பச்சையா வந்துது. அந்தப் பட்டறைக்காரனுக்கு எவ கண்ணு ஓட்டுப் போடுவா? தெருவுல அத்தனை பொம்பளைகளும் ஊதாவுக்குத்தான் குத்துனோம். உங்க மாமனும் நீயும் ஓடையப் போயிக் கேட்டீங்க. நான் ஊட்டுக்குள்ளதான இருந்தேன்.”