கடைசித் திரையில் ஒரு கேள்வி

நடீன் கோஸ்டிகனோடு ஒன்பது வருடம் ஒரே ஆம்புலன்ஸில் ஓடியிருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் டொலீடோ நகரில் எங்கள் வண்டி நுழையாத தெரு இல்லை. ஓட்டுவது நான். நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து உயிரைப் பிடித்து நிறுத்துவது அவள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கார் சீட் தைக்கும் ஆலையிலிருந்து வந்தவள். வேலைக்கு நடுவே இழுத்துப் பிடித்து, பதினோரு வருடத்தில் பட்டப்படிப்பை முடித்தாள். அதோடு விட்டிருக்கலாம். டாக்டராக வேண்டும் என்றாள்.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு ஏழரை மணி நேரக் கூத்து. வேதியியல், உயிரியல் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசியாக வரும் உளவியலும் சமூகவியலும்தான் அவளைப் படுத்தி எடுத்தன. மனிதர்களைத் தெரியாதவளா? ரொம்பத் தெரிந்தவள், அதுதான் வம்பு.

அழைப்பு வராத நேரத்தில் பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திக்கொண்டு, அவளுடைய கேள்வி அட்டைகளை நான் வாசிப்பேன். ரொட்டிக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெயும் ஊறவைத்த வெள்ளரிக்காயும் வைத்துத் தின்றுகொண்டே அவள் பதில் சொல்வாள். அந்த வாடையையும் பொறுத்துக்கொண்டேன்.

“எழுபது வயசுக்காரர், பொண்டாட்டி செத்துட்டாங்க. நெஞ்சு வலிக்குது, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறார். ஏன்?”

“வீட்ல நாய் இருக்கும். அதுக்கு யார் சோறு வைப்பா?”

“நாலு விடை குடுத்திருக்கான். நாலுலயும் நாய் இல்ல, டாக்டரம்மா.”

“அப்ப இத எழுதுனவன் ஒரு வீட்டுக்குள்ளயும் போனதில்ல.”

“போகலைன்னாலும் மார்க் அவன் கையிலதான் இருக்கு.”

‘நோயாளி என்ற பாத்திரத்தை ஏற்க மறுக்கிறார்’ என்பதுதான் சரியான விடையாம். அவள் அட்டையை வாங்கி முறைத்தாள். ஆனால் படித்ததை என்மேல் பிரயோகிக்க மட்டும் மறக்கமாட்டாள். குறுக்கே வந்த கார்க்காரனை நான் திட்டினால் போதும்.

“அவனுக்கு என்ன அவசரமோ. நீ உடனே அவன் குணத்தையே குறை சொல்ற. இதுக்கு ஒரு பேர் இருக்கு, டெல்.”

“எனக்கும் ஒரு பேர் தெரியும், அவனுக்கு. வெளிய சொல்ல முடியாது.”

அந்தத் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரின் கடைசித் திரையில் கேட்பார்கள்: மதிப்பெண் போடலாமா, ரத்து செய்துவிடலாமா? ஐந்து நிமிடத்துக்குள் சொல்லவேண்டும். ரத்து என்றால் மதிப்பெண் யாருக்குமே தெரியாது, எழுதியவருக்கும்தான். நடீன் அந்த வருடம் இரண்டு முறை எழுதினாள், இரண்டு முறையும் ரத்து செய்தாள். உளவியல் சொதப்பிவிட்டது என்றாள். இரண்டு முறையும் பொரித்த மீன் வாங்கிக் கொடுத்துத் தேற்றினேன். வருடத்துக்கு மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். மூன்றாவதையும் ரத்து செய்தால் இந்த ஆசையையே மூட்டை கட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

மூன்றாவது தடவையும் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். மதியம் மூன்றரைக்கு வெளியே வந்தாள், முகம் வெளுத்துப்போய்.

“என்ன அழுத்துன?”

“மார்க் போடச் சொல்லிட்டேன்.”

“அப்ப உளவியல் நல்லா எழுதுனியா?”

“இல்ல. போன தடவை மாதிரியேதான்.”

“பின்ன ஏன்?”

அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“ரத்து பண்ணிட்டேன்னு சொன்னப்பல்லாம் உன் முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு. மறைச்சிட்டதா நெனச்சுக்கிட்ட. எனக்கும் அதே நிம்மதிதான், டெல். நாளைக்கும் இதே வண்டி, பக்கத்துல நீ. பரீட்சைக்குப் பயந்து ரத்து பண்ணலைன்னு இன்னிக்கு அந்தத் திரை முன்னாடிதான் புரிஞ்சுது.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “இன்னிக்கும் நீ ரத்து பண்ணணும்னுதான் நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்றேன்.

“தெரியும். காரை எடு.”

எடுத்தேன். மதிப்பெண் வர ஒரு மாதம் ஆகும் என்றாள். நல்லபடியாக வரட்டும் என்று அன்றுதான் முதல் தடவையாக மனதார வேண்டிக்கொண்டேன்.