அக்கா உயர்த்திய கல்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டு வாசலில், தலையில் பித்தளைக் குமிழ் பதித்த ஒரு அளவைக் கல் நிற்கிறது. நான் சர்வேயர். வருஷத்துக்கு ஒருமுறை, எளாவூரில் ஆழமாக ஊன்றியிருக்கும் கல்லிலிருந்து மட்டம் பார்த்துக்கொண்டே வந்து அந்தக் குமிழில் முடிப்பேன். ஒவ்வொரு வருஷமும் அது சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். தரை அமிழ்கிறது என்பதற்கு ஊரில் வேறு சாட்சி கிடையாது. ஏரித் தண்ணீரைத் தடுக்க ஊரார் கேட்ட சுவரை அரசு அனுமதிக்க இந்த வருஷத்து அளவு ஒன்றுதான் பாக்கி.

இந்த முறை குமிழ் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. அளவுகோல் பிடித்த உதவியாளரைக் கண்டபடி திட்டினேன். எளாவூர் வரை திரும்ப அளந்துகொண்டே போனேன். அதே அளவுதான் வந்தது. மறுபடி வந்து கல்லைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். சிமெண்டு புதிது.

"நாந்தான்டா தூக்கி வைக்கச் சொன்னேன்," என்றாள் அக்கா. "தண்ணி வந்தா கல்லு முழுகிப்போவுது. நீ வருஷா வருஷம் சேத்துல கைய வுட்டுத் தேடுறியேனு."

குறிப்பேட்டில், 'கல் நகர்த்தப்பட்டது, பழைய அளவோடு ஒப்பிட இயலாது' என்று எழுதினேன். சுவருக்கு இனி முதலிலிருந்து பல வருஷம் அளக்க வேண்டும்.

"இன்னாடா, ஊரு இன்னும் எறங்குதா?"

"இந்த வருஷம் சொல்ல முடியாதுக்கா."

அடுப்படியில் புகுந்திருந்த ஏரித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நின்னுடுச்சு போல," என்றாள்.