திருவொற்றியூரில் இறங்காமல் போன என் மகள்

போன வருடம் ஜூன் மாதம் என் மகள் ரூத் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சகோதர சகோதரிகளே, நான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறேன். கொருக்குப்பேட்டையில் வீடு. ரூத் எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்கள் தெருப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். சின்னப் பள்ளி. அங்கே அவள்தான் முதல். ஒன்பதாவதுக்குத் திருவொற்றியூரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ரயிலேறிப் போக வேண்டியதாயிற்று. புது முகங்கள். கணக்கும் அறிவியலும் இங்கிலீஷில்.

முதலில் பேச்சு குறைந்தது. பிறகு தினமும் காலையில் வயிற்று வலி. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். டிபன் பாக்ஸ் கொண்டுபோன மாதிரியே திரும்பி வரும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. நான் ஏழாவதோடு நின்றவன். என் மனைவி எஸ்தர் அதுவும் இல்லை. பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்து அழும்போது பக்கத்தில் உட்காருவதைத் தவிர எங்களுக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்குப் புறப்படும்போது தலையில் கைவைத்து ஜெபிப்போம். கைக்குக் கீழே அந்தத் தலை நடுங்கும்.

ஒருநாள் சாயங்காலம் கேட்டாள்.

"அப்பா, ஒன்பதாவது படிக்கலன்னா இன்னா ஆவும்?"

"இன்னா கண்ணு இப்படி கேக்கற?"

"சும்மாதான்."

அந்த 'சும்மாதான்' என்னை உலுக்கிவிட்டது. எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை.

காலாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை நாள். நானே அவளை ரயிலேற்றிவிட்டு வேலைக்குப் போனேன். எண்ணூர் கடற்கரைச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அவளுடைய வகுப்பு டீச்சர் போன் செய்தார்.

"ரூத் இன்னும் வரலைங்க. பரீட்சை ஆரம்பிச்சாச்சு. வீட்ல இருக்காளா?"

"இல்ல டீச்சர், நான்தானே ரயிலு ஏத்திவுட்டேன்…"

போனை வைத்தேன். எஸ்தர் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவளைக் கூப்பிடவும் வழியில்லை. எனக்கு முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர், ஒரு பக்கம் கடல். ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு, "இயேசப்பா, எம்பொண்ணு எங்க கீறா, எனக்குத் தெரியல, உனக்குத் தெரியும்" என்று சத்தம் போட்டு அழுதேன்.

பின்னால் இருந்த லாரியின் டிரைவர் காசிம் பாய் இறங்கி ஓடிவந்தார். "இன்னா மாமு, இன்னா ஆச்சு?" என்றார். சொன்னேன். சாவியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "வரிசை நகுந்தா ரெண்டு வண்டியையும் நான் நகத்திக்கிறேன். நீ ஓடு. நானும் துஆ கேக்கறேன்."

ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரம் தாண்டித் தண்டவாளத்தில் கூட்டம். "ரயில்ல அடிபட்டுச்சாம்பா" என்று யாரோ சொல்லிக்கொண்டே போனார்கள். எது, யார் என்று நான் கேட்கவில்லை. சகோதரர்களே, அந்த நிமிடத்தை என்னால் இன்றும் சரியாகச் சொல்ல முடியாது. "ஆண்டவரே, அங்க போயி பாக்க எனக்குத் தைரியம் இல்ல, நீ என்கூட வா" என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

எருமை மாடு.

ஜல்லிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது அவள் இல்லை. ஆனால் அவள் எங்கே? அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ரூத்து அப்பாவா? உம் பொண்ணு என்னாண்டதான் கீது. பயப்படாதே நைனா. எண்ணூர் ஸ்டேஷனுக்கு வா."

அடுத்த ரயிலில் போனேன். பிளாட்பாரக் கடைசி பெஞ்சில் பள்ளிச் சீருடையில் ரூத். ஒரு அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். அவர் பெயர் செல்வி. காசிமேட்டில் மீன் எடுத்து ரயிலில் கொண்டுபோய் விற்கிறவர். என்னைக் கண்டதும் ரூத் எழுந்து நின்றாள். அடிப்பேன் என்று நினைத்திருப்பாள். நான் கட்டிக்கொண்டேன்.

"திருவொத்தியூர் வந்துச்சிப்பா. கால் எயுந்துக்கவே இல்ல. எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும் புரியல. வூட்டுக்கும் வர முடியல."

செல்வியம்மா சொன்னார்: "ஸ்கூல் புள்ள இறங்காம அயுதுகினே வருதேன்னு பாத்தேன். இங்க இறங்கி, எதிர் தண்டவாளத்தையே பாத்துகினு நின்னுச்சி. எனக்குப் பக்குனு ஆச்சு. மீன் கூடைய கூட வந்தவங்களாண்ட குடுத்துட்டு எறங்கிட்டேன். நம்பர் குடுக்கவே மாட்டேன்னுச்சி. எம்பொண்ணு கண்மணியும் அதே ஸ்கூல்தான், இப்போ பத்தாவது. போன வருசம் அதுவும் இப்படித்தான் அயுதுச்சின்னு சொன்னேன். அப்புறந்தான் வாய தொறந்துச்சி."

செல்வியம்மா கும்பிடுவது எல்லையம்மனை. ஆனால் என் ஜெபத்துக்கு ஆண்டவர் அனுப்பிய பதில் அவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் எஸ்தரும் நானும் டீச்சரைப் போய்ப் பார்த்தோம். அவர் திட்டவில்லை. "ஒன்பதாவதுல நிறையப் பிள்ளைங்க இப்படித் தவிக்குது. வாயைத் திறந்து சொல்றதில்ல" என்று கண் கலங்கினார். பள்ளிக்கு வந்துபோகும் ஆலோசகரிடம் அவரே ரூத்தை அழைத்துப் போனார். கண்மணி தினமும் அவளோடு ரயிலில் போனாள். போதகரிடம் கேட்டுச் சபை ஹாலைச் சாயங்காலங்களில் திறந்தோம். பத்தாவது பிள்ளைகள் ஒன்பதாவது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். காசிம் பாய் தன் மகளையும் அனுப்பினார்.

ரூத்தின் பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. அரையாண்டிலும் கணக்கில் தவறினாள். அன்று வீட்டுக்கு வந்து, "அப்பா, பெயிலு" என்று அவளே சொன்னாள். நானும் எஸ்தரும் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னோம். பெயிலுக்கு யாராவது ஸ்தோத்திரம் சொல்வார்களா? நாங்கள் சொன்னோம். எங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னாளே! முழு ஆண்டில் தேறினாள். இப்போது பத்தாவது.

வேலை நேரத்தில் போன் அடித்தால் எனக்கு இன்றும் பயம் வருகிறது. ஆனால் முன்னைப்போல அதை மறைத்து வைப்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை இருக்கலாம். காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லலாம். பயந்தால் பயத்தோடேயே ஆண்டவரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார். கூப்பிட்டுவிட்டு டீச்சரிடம் பேசுங்கள், பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். நாளைச் சாயங்காலம் ஹால் திறந்திருக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.