முன்பக்கம் உயர்ந்த சீட்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பைக் சீட் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கறுப்பு ரெக்சின் போர்த்தியது. முதல்முறை பார்க்கிறவர்கள் சற்றுக் குழம்பிப் போவார்கள். எந்த பைக்கிலும் ஓட்டுகிறவரின் இடம் தாழ்ந்தும் பின்னால் உட்காருகிறவரின் இடம் கொஞ்சம் உயர்ந்தும் இருக்கும், இல்லையென்றால் இரண்டும் சமமாக இருக்கும். இது தலைகீழ். முன்பக்கம் தலையணை போலப் புடைத்திருக்கும், பின்பக்கம் சப்பையாக இருக்கும். இது யாருக்காகச் செய்தது என்று கேட்பவர்களிடம், யோசிக்காமல் "எங்க அமேக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அமே என்றால் பர்மிய மொழியில் அம்மா. நான் அப்படி அழைத்தது என் மனைவியைப் பெற்றவரை. இப்போது அப்படிச் சொல்வதில்லை.

என் தாத்தா பர்மாவுக்கு வந்து அலோன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நான் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருக்கிறேன். அங்கே இஸ்திரி போடும் பிரிவில் இருந்த பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு அமே வந்தார், சாப்பிட்டார், போனார். மாமனார் காலமான பிறகு எங்களோடு வந்து தங்கினார். பத்து வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், ஆனால் அவர் என்னைக் கூப்பிட்டுப் பேசியதில்லை. நான் எதிரிலேயே நின்றாலும் மகளைப் பார்த்துத்தான் "பிள்ளையோட அப்பா சாப்பிட்டாச்சா?" என்பார். தண்ணீர் கேன் போட வருகிறவரைக்கூட "தா" என்று, அதாவது மகனே என்று அழைப்பார். எனக்கு மட்டும் அந்த ஒற்றை எழுத்து கிடைக்கவில்லை. மரியாதையால் ஒதுங்குகிறாரா, இந்தியன் மருமகனாக வாய்த்துவிட்டானே என்ற கசப்பால் ஒதுங்குகிறாரா என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்ல வெட்கம்தான், ஆனால் அந்த "தா"வுக்காக நான் ஏங்கினேன்.

அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அட்டமி என்று மாதத்தில் நான்கு நாள் அமே விரதம் இருப்பார். அந்த நாட்களில் காலையில் அவரை பைக்கில் ஏற்றி புத்த மடத்தில் கொண்டுபோய் விடுவது என் வேலை. நகரத்துக்குள் பைக் ஓட்ட அனுமதி கிடையாது. எங்கள் ஒதுக்குப்புறத்தில் பைக் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி. அமே வெள்ளைச் சட்டையும் பழுப்பு நிறத் தமேனும் உடுத்தி, தோளில் பழுப்புத் துண்டு போட்டு, ஜெபமாலையும் தூக்குச் சட்டியுமாக வருவார். தமேன் என்பது பெண்கள் இடுப்பில் உடுத்தும் லுங்கி. அதை உடுத்தியவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடியாது. இடப்பக்கம் கால்களைச் சேர்த்துப் பக்கவாட்டில்தான் உட்காருவார். பிடிப்பதற்கு என் தோளைத் தொடமாட்டார், பின்னால் இருக்கும் கம்பியைத்தான் பிடிப்பார்.

ஒருநாள் குளிக்கும் இடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் வால் எலும்பில் அடி. டாக்டர் மாத்திரை கொடுத்து, மெத்தென்ற இடத்தில் உட்காரச் சொன்னார். எங்கள் பைக் சீட்டோ பழசு. நுரை அமுங்கி நடுவில் குழி விழுந்திருந்தது. தொழிற்சாலை லாரிகள் போய்ப்போய் எங்கள் சாலையில் பள்ளத்துக்குக் குறைவே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து அமே மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும். வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்லமாட்டார். புது சீட் வாங்கிப் போட்டுவிடுவது என்று நானே முடிவு செய்தேன். அமேயை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சீட் கடைக்காரர் ஐம்பது வயதுப் பர்மியர். வாயில் வெற்றிலை இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. நான் அவரை "அகோ" என்பேன், அண்ணன் என்று அர்த்தம். கடைக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. தட்டையான நீள சீட், இரண்டு தட்டு சீட், உள்ளே ஜெல் வைத்தது, முதுகு சாய்த்துக்கொள்ளத் திண்டு வைத்தது என்று கூரை வரை தொங்கின. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். மெத்தென்று அமுங்கிய சீட், உட்கார்ந்ததும் அடித்தகட்டில் இடித்தது. கெட்டியாக இருந்தது உட்கார்ந்த பிறகு இதமாக இருந்தது. எதை நம்புவது? பின்னால் யார் உட்காருவார்கள் என்று அகோ கேட்டார். வீட்டில் வயதானவர், இடுப்பு வலி என்றேன். அவர் இரண்டு தட்டு சீட்டை எடுத்துக் கொடுத்தார். பின்தட்டு ஒரு சாண் உயரத்துக்குத் தடித்திருந்தது. முதுகுக்குத் திண்டு வேறு. நானே ஏறி உட்கார்ந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் கால் போட்டு. சோபா மாதிரி இருந்தது. மாப்பிள்ளை முறுக்கோடு மாட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த விரத நாள் காலையில் அமே படியிறங்கி வந்தார். சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தூக்குச் சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு மகளிடம், "இன்னைக்கு நடந்தே போறேன்" என்றார். நான் பைக்கோடு அப்படியே நின்றேன். அந்த வெயிலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் போவதைத் தெரு முழுக்கப் பார்த்தது. அதற்கடுத்த விரத நாளும் நடைதான். திரும்பி வரும்போது வலியில் முகம் வெளுத்திருக்கும். ஆனாலும் பைக் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி, அம்மாவுக்குக் கால் எட்டவில்லை போலிருக்கிறது, உயரத்தைக் கண்டு பயப்படுகிறார் என்றாள். அவளையே கேட்டுச் சொல்லச் சொன்னேன். கேட்டாள். "பழசே போதும்" என்று பதில் வந்ததாம். பழசு குத்தும் என்பது தெரிந்தும் ஏன் போதும்? தின்கன்ஜூனில் இருக்கும் என் அக்காவிடம் பஸ் பிடித்துப் போய் ஆற்றாமையைக் கொட்டினேன். அக்கா பள்ளிக்கூட டீச்சர். விடை தெரியாத கேள்வி என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள்.

"மாமியாருக்கு சிம்மாசனம் பண்ணிக் குடுத்தியாக்கும்? மகாராணி ஏறலயோ?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "தம்பி, நீ தங்கத்துல பண்ணிப் போட்டாலும் அவங்க ஏறமாட்டாங்கடா. நீ வாங்கினதுல்ல? நம்மாளு வாங்கினதுல்ல?"

அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. திரும்பும் வழியெல்லாம் அதுதான் உண்மை என்று பட்டது. வீட்டுக்கு வந்தால், நான் பசியோடு வருவேன் என்று அமே எனக்குத் தனியாக மீன் எடுத்து மூடி வைத்திருந்தார். அதுவும் பொய்யில்லை. வெறுப்பவர் மீனை ஏன் மூடி வைக்கிறார்? மதிப்பவர் என் சீட்டில் ஏன் ஏறவில்லை? மண்டை காய்ந்துவிட்டது.

கடைசியில் சீட்டைக் கழற்றிக்கொண்டு அகோவின் கடைக்கே போனேன். மாமியார் ஏறமாட்டேன் என்கிறார் என்றதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மாமியாரா? நீ அப்பாவுக்குன்னுல்ல நினைச்சேன். தமேன் கட்டினவங்களா? அப்ப எப்படி ஏறுவாங்க? உன்னைவிட உயரத்துல தமேன் வந்துடுமே. எங்கம்மாவும் ஏறமாட்டாங்க."

எனக்குப் பொறி தட்டியது. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாத வழக்கமா? ஆணுக்கு ஒரு மகிமை உண்டு, அது அவன் தலையிலும் தோளிலும் இருக்கிறது, தமேன் அதற்கு மேலே போனாலும், தமேன் கட்டியவர் அவனைவிட உயரத்தில் உட்கார்ந்தாலும் மகிமை குறையும் என்பார்கள். எங்கள் வீட்டிலேயே தமேன்களைக் கொல்லைப்புறத்தில் தாழக் கட்டிய தனிக் கொடியில்தான் அமே காயப்போடுவார். ஆண்கள் இருக்கும் லாரியில் மேலே ஏறி உட்காரமாட்டார். இதெல்லாம் தினமும் கண்ணில் பட்டதுதான். ஆனால் அந்த மகிமை பர்மிய ஆண்களுக்கு உரியது என்று நான் பாட்டுக்கு நினைத்திருந்தேன். அலோன் மூட்டைக்காரரின் பேரனுக்கும் அப்படி ஒன்று இருப்பதாக அமே கணக்கில் வைத்திருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அகோவின் கடை வாசலில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அகோவே வழி சொன்னார். முதுகுத் திண்டை எடுத்துவிட்டு, பின்தட்டு நுரையைச் சீவி இறக்கினார். சீவியதை முன்தட்டில் ஒட்டி ஏற்றினார். பிறகு புது ரெக்சின் இழுத்து அடித்தார். என் கால் நுனிதான் தரையைத் தொட்டது. தொழிற்சாலை வாசலில் ஆளாளுக்கு ஒட்டகம் வந்துவிட்டது என்று கேலி செய்தார்கள். எனக்கு உறைக்கவில்லை. அடுத்த விரத நாள் அமே படியிறங்கி வந்தார். சீட்டை முன்னும் பின்னும் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். அவர் தலை என் தோளுக்குக் கீழே இருந்தது. வண்டி கிளம்பியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தா, மெதுவாப் போ."

மடம் வரைக்கும் அன்று நான் எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. கல்யாணத்தன்று இருந்ததைவிடச் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் மனைவி கோபித்துக்கொள்வாள். அதற்குப் பிறகு நான்கு வருடம் அமே அந்த சீட்டில் வந்தார். தோளில் போட்ட துண்டு போக, கைப்பையில் இன்னொரு பழுப்புத் துண்டும் மடித்து வைத்திருப்பார். மடத்தில் மண்டியிட விரித்துக்கொள்வாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போன வருடம், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

எட்டி எட்டிக் கால் ஊன்றி ஓட்டியதில் என் முழங்கால் கெட்டுப்போயிற்று. இப்போது மகள் பைக் ஓட்டுகிறாள். ஜீன்ஸ் போடுகிறவள், நல்ல உயரம். என் தொழிற்சாலையில்தான் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் ஒருநாள், "ப்பா, பின்னால ஏறு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அந்த சீட்டின் பின்பக்கத்தில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை.

தெருமுனைப் பள்ளத்தில் வண்டி இறங்கியதும் உயிர் போய் உயிர் வந்தது. நுரை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ரெக்சினுக்குக் கீழே நேராகத் தகடு. இரண்டாவது பள்ளத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். குனிந்து கட்டைவிரலால் அமுக்கினேன். விரல் உள்ளே போகவில்லை. வால் எலும்பு வலிக்காக நான் தேடிப்போன சீட் இது. உயரத்தைச் சரிசெய்த மகிழ்ச்சியில், எதற்காகக் கடைக்குப் போனேன் என்பதையே மறந்திருக்கிறேன். நானும் அமுக்கிப் பார்க்கவில்லை, அகோவும் பார்க்கவில்லை.

"ப்வாப்வா இதுல எப்படிம்மா உக்காந்து வந்தாங்க?" என்று மகளைக் கேட்டேன். ப்வாப்வா என்றால் பாட்டி.

"துண்டை மடிச்சுப் போட்டுக்குவாங்கல்ல? நீ வண்டிய ஸ்டார்ட் பண்ணத் திரும்பினதும் போட்டுக்குவாங்க, எறங்குறதுக்கு முன்னாடி உருவிப் பையில வச்சுக்குவாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சொன்னாங்க. நீ திரும்பவும் சீட்ட மாத்திடுவியாம்."

அந்தத் துண்டை மனைவி பெட்டியில் வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் எடுத்து விரித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் நன்றாக இருந்தது. நடுவில் மட்டும், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, நூல் நூலாக நைந்திருந்தது. மண்டியிட்டு நைந்ததென்றால் இரண்டு இடத்தில் நைந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

இன்னும் எனக்குப் புரியவில்லை. என்னை மதித்துத்தான் வலியைப் பொறுத்தாரா? இரண்டாவது முறையும் மறுத்தால் மருமகன் மனம் ஒடிந்துவிடும் என்று பார்த்தாரா? நான் கேட்காமலே செய்கிற ஆள், சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டாரா? மகனே என்று கூப்பிட்டவர் மகனிடம் வலிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை? இப்போது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

போன வாரம் மகள் பைக்குக்குத் தட்டையான நீள சீட் ஒன்று வாங்கினாள். வாங்குவதற்கு முன் என்னைப் பின்னால் உட்காரவைத்து, "வலிக்குதாப்பா?" என்று மூன்று முறை கேட்டாள். பழையதைத் தூக்கிப் போடச் சொன்னாள். நான் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்தேன். நேற்று வந்த பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, யாருக்குப் பண்ணினது என்று கேட்டார். அமேக்கு என்று வாய்வரை வந்தது. நான் அவரிடமிருந்து சீட்டை வாங்கி, பழையபடி சுவரில் சாய்த்து, "எனக்குப் பண்ணினது" என்றேன்.