வீக்கம் என்று சொன்னேன்

'டியூமிட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வீங்கிய, புடைத்த என்று பொருள். காலுக்கும் சொல்லலாம், ஊதிப் பெருத்த எழுத்து நடைக்கும் சொல்லலாம். ஆங்கில ஆசிரியையான நான் டிப்ளோமா பாடத்துக்காக அதைத் தேடிப் படித்தேன். வீங்குவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததாம். 'டியூமர்' என்பதும் அதே வேர்தான். லத்தீனில் அதற்கும் வீக்கம் என்றே அர்த்தம் என்றது அகராதி.

அம்மா ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். கழுத்தின் ஒரு பக்கம் புடைத்தபோது மப்ளரைச் சுற்றிக்கொண்டு இரண்டு மாதம் மலைக்கு வேலைக்குப் போனார். பிறகுதான் கண்டிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். டியூமர், பரவிவிட்டது, இனிச் சில மாதங்கள்தான். அம்மா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டார். "என்னா புள்ள சொன்னாங்க?"

"வீக்கம்னு சொன்னாங்கம்மா."

"வத்திருமா?"

"மருந்து குடுத்திருக்காங்க. வத்திரும்."

கட்டி என்று சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். நான் சொன்ன முதல் பதிலாவது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பஸ் கினிகத்தேனையில் நின்றது. அம்மாவின் ஒரே தங்கை அங்கேதான் இருந்தார். வீட்டுக்குச் சொல்லாமல் சிங்களவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவர். அக்காவும் தங்கையும் பேசிப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. அம்மா ஜன்னல் வழியே கடைவீதியைப் பார்த்தார்.

"எறங்கிப் போயி அவளப் பாத்துட்டு வருவமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கை கழுத்துக்குப் போய்விட்டது. "வேணாம். இப்புடியே போயி நின்னா பாவம் பாக்கச் சொல்லி வந்த மாதிரி இருக்கும். வீக்கம் வத்தட்டும், அப்புறம் போவோம்."

இப்போதே போவோம் என்றால் என்ன அவசரம் என்று கேட்பார். அதற்குப் பயந்து பேசாமல் இருந்தேன். பஸ் புறப்பட்டது.

நாலு மாதத்தில் அம்மா போய்விட்டார். கடைசிவரை காலையில் கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "கொஞ்சம் கொறஞ்சிருக்கில்ல?" என்பார். ஆமாம் என்பேன்.

செய்தி அனுப்பியதும் சித்தி கணவரோடு வந்தார். அழுது முடித்தபின் எங்கள் லயத்து வீட்டின் பின்பக்கம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"நாலு மாசமா தெரியும் சித்தி. அம்மாதான் வீக்கம் வத்தினதும் வாறேன்னு..."

"அவளுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

குரலை உயர்த்தவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கருமாதிக்கும் வந்து, சமையலில் கூடமாட நின்றுவிட்டுப் போனார். ஒருநாள் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். நான் இன்னும் போகவில்லை.