அண்ணி எண்ணெய் ஊற்றிய மோட்டார் சைக்கிள்

அந்த மோட்டார் சைக்கிளை நினைத்தால் முதலில் என் கண்ணில் வருவது அதன் மேல் அப்பியிருந்த சந்தனம்தான். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், விறகு அடுக்கும் தகரக் கொட்டகையில் அது நின்றது. ஆயுத பூஜை வந்தால் போதும், அண்ணி அதன் டாங்கி, கைப்பிடி, விளக்கு என்று ஒன்று விடாமல் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். போன வருஷத்துச் சந்தனத்தைத் துடைக்கிற வழக்கமே கிடையாது. அதன் மேலேயே புதுச் சந்தனம். ஓடுகிற வண்டி என்றால் பூஜை முடிந்ததும் பழத்தை நசுக்கிக்கொண்டு நகரும். இது நகராத வண்டி. காற்றுப் போய்ச் சப்பையான டயரில், வளையம் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பழம் அங்கேயே கிடந்து அழுகும், அந்தச் சாறு சக்கர வளையத்தை அரிக்கும். பக்தி இரும்பைத் தின்பதை நான் பார்த்தது அங்கேதான்.

அண்ணி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் கிள்ளானுக்கு வெளியே ரப்பர் தோட்டங்களில் டிரஸ்ஸராக இருந்தார். வெள்ளைக்கார டாக்டர் துரை மாதத்தில் ஒருநாள் எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் அண்ணன்தான். தோட்டம் விட்டுத் தோட்டம் சைக்கிளை மிதித்து, சேற்றில் தள்ளி அலுத்துப்போய், பதினாலாம் வருஷம் தொடங்கிய பெரிய சண்டை முடிந்த கையோடு சீமையிலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வரவழைத்தார். கப்பலில், மரப்பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி வந்தது. பெட்டியைப் பிரித்த அன்று நானும் கிள்ளானில் இருந்தேன். கரும்பச்சை டாங்கி. அதன் ஓரமாகத் தலைமுடி கனத்தில் ஒரு தங்கக் கோடு. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல நிக்கல் பூசிய கைப்பிடி. சைக்கிளுக்கு இருப்பது போலவே பெடலும் உண்டு, எஞ்சினைக் கிளப்ப அதைத்தான் மிதிக்க வேண்டும். பால் வெட்டு முடிந்து வந்த ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஒருவர் டாங்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அப்போதுதான் ரயில் பட்டறையில் பிட்டராகச் சேர்ந்திருந்தேன். எஞ்சினைப் பார்த்து மிரளுகிற ஆள் இல்லை. ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

மூன்று மாதம்கூட ஓட்டியிருக்க மாட்டார். தோட்டங்களில் விஷக்காய்ச்சல் புகுந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக மருந்து கொடுத்துக்கொண்டு போனவர், ஒருநாள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து படுத்தார். அண்ணிக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். படுத்தவர் அண்ணியிடம் சொன்னது இதுதான்: “எஞ்சினக் காய விடாத. வாரத்துக்கு ஒருதரம் மேல இருக்கிற சின்னக் குழாயத் திறந்து விளக்கெண்ணெய் ஊத்து. ஊத்திட்டு பெடலச் சுத்து. நான் எழுந்ததும் ஓட்டணும்.” அந்தக் கால எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய்தான் போடுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றுக்கும் தன் வண்டிக்கும் ஒரே சீசாவிலிருந்து மருந்து என்று அண்ணன் சிரிப்பார். அவர் எழவில்லை. சொன்ன வேலையை நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லாமல் போயிற்று.

தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் அண்ணியை நான் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துவந்தேன். வண்டியும் கூடவே வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, பிறகு கொட்டகைக்குப் போய் எண்ணெய் ஊற்றி, பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவார். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தாள். சில வருஷத்தில் பெடல் இறுகியது. அதற்கப்புறம் ஒருநாள் அசையவே இல்லை. அதனால் என்ன, அண்ணி எண்ணெய் ஊற்றுவதை மட்டும் விடவில்லை. “சாமிக்கு ஊத்தினாலும் புண்ணியம் உண்டு, இது எங்க போகுது?” என்று என் வீட்டுக்காரி என்னிடம் முணுமுணுப்பாள். அண்ணியின் காதில் விழும்படி ஒருநாளும் சொன்னதில்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஈப்போவில் உத்தியோகம், ஆவணியில் நாள். அண்ணியின் மூத்த சகோதரர், கிள்ளானில் சாமான் கடை வைத்திருந்தவர், பந்தல் போட இடம் பார்க்க வந்தார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னுமா இத வச்சிருக்கீங்க? சமையலுக்கு இந்த இடம் வேணும். பழைய இரும்பு வாங்குறவனக் கூப்பிட்டு எடைக்குப் போடுங்க” என்றார். பெடலை மிதித்துப் பார்த்தார். அது அசையவில்லை. “பாரு, உள்ள எல்லாம் துருப்பிடிச்சுச் செத்துப் போச்சு. நீ பூசின சந்தனமும் ஊத்தின எண்ணெயும்தான் இதக் கொன்னுடுச்சு, தங்கச்சி.”

அவர் கிள்ளானுக்கு ரயில் ஏறிய பிறகு அண்ணி என்னிடம் வந்து நின்றார். “நெசமா தம்பி? நான்தான் கெடுத்துட்டேனா?”

எனக்கும் உள்ளே துருதான் என்று பட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. “பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும் அண்ணி” என்றேன்.

“அப்படின்னா பிரிங்க. பிரிச்சு, அவரு வாங்கிட்டு வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்குங்க. இவ ஈப்போவுக்குப் போறதுக்குள்ள ஒருதரம் அந்தச் சத்தத்தக் கேக்கணும். அப்பா குரலுதான் கேக்கல, அவரு வண்டிச் சத்தமாவது கேக்கட்டும். அப்புறம் நீங்க எடைக்குப் போட்டாலும் சரி, நான் வாயத் திறக்க மாட்டேன்.” அவ்வளவு நாளில் அண்ணி என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. கேட்டது அது ஒன்றுதான்.

வெந்நீர் வைத்து, சாக்கை நனைத்துப் போர்த்தி, சந்தனத்தை ஊறவைத்து எடுத்தோம். பட்டை பட்டையாக வந்தது. அடியில் பெயிண்ட் வெந்துபோன தோல் மாதிரி உரிந்திருந்தது. நிக்கல் பூச்சு போன இடமெல்லாம் சொறி. ஆனால் டயரைக் கழற்றும்போது ஒன்றைக் கவனித்தேன். ரப்பர் வெடித்து உதிர்ந்தாலும், புது டயரில் முளைத்திருக்குமே மெல்லிய ரப்பர் முடிகள், அவை ஓரங்களில் அப்படியே இருந்தன. பெல்ட் தேயவில்லை. பெடலில் அண்ணனின் செருப்புத் தேய்ந்த தடம்கூட விழவில்லை. கிழட்டு வேஷம் போட்ட பச்சைப் பிள்ளை அது.

எஞ்சின்தான் பிடிவாதம் பிடித்தது. பட்டறைப் பழக்கத்தில் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தது, அசையவில்லை. துருவாக இருந்தால் கொஞ்சமாவது சிவப்பு கசியும். வந்த சொட்டில் சிவப்பே இல்லை, பழுப்பாக, பிசுபிசுவென்று கோந்து மாதிரி இருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. விளக்கெண்ணெய் மண்ணெண்ணெயோடு சேராது. சாராய ஜாதிக்குத்தான் மசியும். ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு ஸ்பிரிட் வாங்கி வந்து ஊற்றினேன். மறுநாள் வேலை முடிந்து வந்து, சாயங்கால வெளிச்சத்தில் பெடலில் கை வைத்தேன். தேன் பாட்டில் மூடி திறக்கிற மாதிரி மெல்ல இளகியது.

சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். என் உத்தியோக காலம் முழுக்க எத்தனையோ எஞ்சின்களைப் பிரித்திருக்கிறேன். புதிதாக வந்திறங்கியதையும் பிரித்திருக்கிறேன். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. துரு ஒரு புள்ளி இல்லை. கீறல் இல்லை. காய்ந்த எண்ணெய் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய தோலாக உள்சுவர் முழுக்கப் படர்ந்திருந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் ஓர் இழுப்பு இழுத்தேன். அடியில் இரும்பு பளபளவென்று, சீமையில் கடைந்த அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. பெடலை இறுக்கியதும் அந்த எண்ணெய்தான், இத்தனை வருஷ மழையும் புழுக்கமும் உள்ளே போகாமல் காத்ததும் அதுவேதான். விறகின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினார். “அப்ப நான் கெடுக்கல” என்றார்.

“வெளிய நல்லாக் கெடுத்திருக்கீங்க அண்ணி. உள்ள கெடுக்கல.”

அவர் சிரித்தார். வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்தது அண்ணன் இருந்த காலத்தில்தான். சிரித்துக்கொண்டே அழுதார், நானும் அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

அதற்கப்புறம் கையும் காலும் தானாக ஓடின. கைப்பிடியையும் வளையங்களையும் நிக்கல் பூசும் சீனரிடம் எடுத்துப்போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “சுடா மாத்தி லா” என்று மலாய் மொழியில் சொல்லிக் கையை விரித்தார், செத்துப்போன சாமான் என்று. மடியிலிருந்து, துருவே படாத பிஸ்டனை எடுத்து அவர் கையில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்தார். பத்து ரோடு என்னும் கடைத்தெருவில் டயர் கிடைத்தது. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை வெயிலில் காயவைத்துச் சுற்றைச் சரிபார்த்தேன். தங்கக் கோட்டுக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. பட்டறையில் ரயில் பெட்டிகளுக்கு ஓரக் கோடு போடும் பெயிண்டர் என் சிநேகிதர். நீள முடித் தூரிகையை நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் டாங்கியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார். கோடு எங்கே போகவேண்டும் என்று அண்ணிதான் சொன்னார். சந்தனம் பூசிப் பூசி அந்த டாங்கியின் மேடு பள்ளமெல்லாம் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தோம். இப்போது பிரிக்பீல்ட்ஸில் மோட்டார் சத்தத்துக்கு நாய்கூடத் தலையைத் தூக்குவதில்லை. அன்று வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். கிள்ளானிலிருந்து வந்திருந்த அண்ணியின் சகோதரர் தோள் துண்டை எடுத்து டாங்கியை மெல்லத் துடைத்தார். “இத எடைக்குப் போடச் சொன்னது யாருன்னு கேக்கறேன்” என்றார். நான் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று தேடத் தோன்றியது, அவ்வளவு புதுசாக இருந்தது. அண்ணன் இப்போது சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே வரப்போகிறார் என்றுதான் என் மனசு நினைத்தது.

மகள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஏறி உட்கார்ந்து மிதித்தேன். இருமியது. மறுபடி மிதித்தேன். சட்டை நனைந்துவிட்டது. கைப்பிடியில் அழுத்திப் பிடித்திருந்த நெம்புகோலை விட்டு இன்னொரு மிதி மிதித்தேன். வெள்ளைப் புகை ஒன்று குப்பென்று கிளம்பி, எஞ்சின் பிடித்துக்கொண்டது. டப் டப் என்று அவசரமில்லாத சத்தம். அண்ணன் சேற்றுப் பாதையில் வரும்போது ரப்பர் மரங்களுக்கு நடுவே கேட்ட அதே சத்தம். மகள் இரண்டு கையையும் டாங்கியின் மேல் வைத்தாள். அதிர்வு தோள் வரைக்கும் ஏறுவது தெரிந்தது. “இதானா சித்தப்பா?” என்றாள். “இதேதாம்மா” என்றேன்.

அண்ணிக்குக் காட்டலாமென்று திரும்பினேன். அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை. இவ்வளவு பாடுபட்டு, அந்த நேரம் பார்த்து எங்கே போனார் என்று எனக்குக் கோபமே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து வந்தார். கையில் ஆவி பறக்கும் காப்பி, ஆண்கள் குடிக்கிற பெரிய டம்ளர் நிறைய. வாசற்படியில் வந்ததும்தான், தான் காப்பி போட்டது அவருக்கே தெரிந்தது. டம்ளரைப் பார்த்தார், வண்டியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

“தூரத்துல சத்தம் கேட்டதும் அடுப்புல வச்சா, அவரு வீட்டுக்குள்ள வரதுக்குச் சரியா இருக்கும்” என்றார். “கை தானா வச்சிடுச்சு தம்பி.”

மகள் போய் அந்த டம்ளரை அம்மாவின் கையிலிருந்து வாங்கி, வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள். நின்ற இடத்தில் ஓடினால் எஞ்சின் சூடேறிவிடும். அணைக்கக் கையைக் கொண்டுபோனேன்.

“நிறுத்தாதீங்க தம்பி” என்றார் அண்ணி. “அவ குடிச்சு முடிக்கட்டும்.”