டெய்சியின் இடது காது

மத்திகிரி மாதா கோயில் தெருவில் சூசை என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் 'நாய்க்கார சூசை' யார் என்று கேட்டால் ஒரு ஓட்டு வீட்டைக் காட்டுவார்கள். அந்த வீட்டில் நாய் எதுவும் கிடையாது. மற்றவர்கள் வளர்க்கும் நாய்களைச் சீவி, குளிப்பாட்டி, முடி கத்தரித்து, நகம் வெட்டி, காது துடைத்து விடுவதுதான் சூசையின் பிழைப்பு. 1967-ல் ஓசூர்ப் பக்கம் அப்படியொரு பிழைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சிரித்தார்கள். கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் உட்காராமல் நகர்ந்து போனவர்களும் உண்டு.

பெங்களூர் கண்டோன்மெண்டில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் நடத்திய நாய்க்கொட்டிலில் அவர் பதினோரு வருஷம் வேலை செய்திருந்தார். அந்த அம்மாள் கொட்டிலை மூடிவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது ஒரு தகரப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே முடி வெட்டும் சீமைக் கைமெஷின் ஒன்று, இரும்புச் சீப்பு இரண்டு, கத்தரிகள், நகவெட்டி. அந்தப் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சூசை ஊர் திரும்பினார். ஓசூரில் ஒரு ரிடையர்டு மேஜர் வீடு, ஒரு டாக்டர் வீடு, பாகலூர் பக்கம் சில தோட்ட வீடுகள் என்று ஒன்பது வீடுகள் சேர்ந்தன. மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போவார்.

நாயைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்பது அவர் வழக்கம். சாப்பிடுகிறதா, எங்கேயாவது சொறிகிறதா, தலையை உதறுகிறதா, யாரையாவது கடித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். "முடி வெட்ட வந்தவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சலித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். கடிக்கிற நாயைக்கூடக் கடிக்காது என்று சொல்லிவிடுவார்கள். அவர் வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே அப்படி வாங்கிய தழும்புகள் இரண்டு இருந்தன.

பாகலூரில் அவர் போகிற வீடுகளில் பெரியது நாராயணப்பனுடையது. திராட்சைத் தோட்டமும் ஜீப்பும் உள்ள குடும்பம். வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியே தமிழும் கன்னடமும். மகன் மெட்ராஸில் என்ஜினியரிங் படிக்கப் போகும்போது டெய்சி என்ற ஸ்பானியல் நாயை அம்மாவிடம் விட்டுப் போயிருந்தான். தேன் நிறத்தில் மினுமினுக்கும் முடி, தரையைத் தொடுகிற மாதிரி தொங்கும் இரண்டு காது. சரோஜம்மாளுக்கு முதலில் நாய் என்றாலே அருவருப்பு. மகன் போன பிறகு, அவன் தட்டில் போட வேண்டிய நெய்ச்சோற்றை அதற்குப் போட ஆரம்பித்தார். மகனுக்கு எழுதும் கடிதத்தில் பாதி டெய்சியைப் பற்றித்தான் இருக்கும்.

அந்த செப்டம்பரில் சூசை வேலையை முடித்துக் கிளம்பும்போது சரோஜம்மாள் ஒரு குறை சொன்னார். சோறு தின்னும்போது காது தட்டில் விழுந்து, முடியெல்லாம் சோறு ஒட்டிக்கொள்கிறதாம்.

"சோறு வெக்கிறப்ப தலைக்கு மேல தூக்கிக் கட்டிடுங்கம்மா," என்றார் சூசை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. மேஜர் வீட்டில் காத்திருப்பார்கள். சைக்கிளை மிதித்துவிட்டார். துணியால் தளர்த்தியாகக் கட்ட வேண்டும், தின்று முடித்ததும் உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இது யாருக்குத்தான் தெரியாது என்று அவர் நினைத்திருக்கலாம். நினைக்காமலே போயிருக்கவும் கூடும்.

அக்டோபரில் போனபோது சரோஜம்மாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இனிமே நாங்களே பாத்துக்கறோம் சூசை. ஒரே சீப்பை ஊர் நாய்க்கெல்லாம் போட்டுக்கினு வர்றியாம். சொறி ஒட்டிக்கும்னு எங்க நாத்தனார் சொல்றாங்க."

ஒவ்வொரு வீட்டிலும் சீப்பை வெந்நீரில் கொதிக்கவைத்துத்தான் எடுப்பேன் என்று சூசை சொன்னார். அது எடுபடவில்லை. போகிற போக்கில் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். "முதல்ல சீவிட்டு அப்புறம் தண்ணி ஊத்துங்கம்மா. சிக்கு இருக்கறப்ப நனைச்சீங்கன்னா அது கம்பளி மாதிரி இறுகிக்கும். அப்புறம் சீப்பு இறங்காது."

"சரி சரி," என்றார் சரோஜம்மாள்.

மூன்று மாதம் கழித்து, போகிக்கு முந்தின நாள் காலையில், அந்த வீட்டில் வேலை செய்யும் முனிலட்சுமி மத்திகிரிக்கே வந்துவிட்டாள். "அம்மா உடனே வரச் சொன்னாங்கண்ணா. நாளைக்குத் தம்பி ஊருல இருந்து வருது. நாயி பாக்கறதுக்கே ஒரு மாதிரியா கீது."

சூசை போனபோது டெய்சி கொல்லைப்புறத் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அவரைக் கண்டால் வாலோடு உடம்பையும் சேர்த்து ஆட்டுகிற நாய் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. மேல்முடி மட்டும் பளபளவென்று இருந்தது. விரலை உள்ளே விட்டால் அரை அங்குலத்துக்கு மேல் போகவில்லை. தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். சீவவே இல்லை. அடிமுடி தோலோடு சேர்ந்து பாய் மாதிரி பின்னிக்கிடந்தது. இடது காதுப் பக்கம் குனிந்தபோது ஒரு வாடை அடித்தது. அது என்ன வாடை என்று அவருக்குத் தெரியும்.

"தலையை உதறுச்சாம்மா?"

"குளிருக்கு உதறும்."

"மொத்தமா எடுத்துடணும்மா. வேற வழி இல்ல. அடியில தோல் எப்படி இருக்குன்னே தெரியல."

சரோஜம்மாள் பதறிப்போனார். "அய்யோ, மொட்டை அடிக்கறதுக்கா உன்னைக் கூப்ட்டேன்? நாளைக்கு எம்புள்ள வந்து பாத்தா என்னா நெனைப்பான்? சிக்கு எடுத்து அழகா வெச்சிக் குடு. அது போதும்."

அந்த இடத்தில் அவர் பெட்டியை மூடியிருக்க வேண்டும். பிறகு பல வருஷங்கள் அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டது அதற்காகத்தான். என்னால் ஆகாது, ஓசூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் கழித்துத் திறந்த கதவு மறுபடி சாத்திக்கொள்ளுமோ என்ற பயம். சீப்பை எடுத்து முதுகிலிருந்து ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் சிக்கெடுத்தார். நாய் ஊளையிடவும் இல்லை, கடிக்கவும் இல்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் கண்ணை மட்டும் மூடி மூடித் திறந்தது. தொடையருகே தோல் கிழிந்து ரத்தம் கசிந்ததும் அவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டார்.

சரோஜம்மாள் உள்ளே அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவரிடம் கேட்காமலே சூசை கைமெஷினை எடுத்து இடது கன்னத்திலிருந்து காதுவரை ஓட்டினார். முடி தோலுரித்த மாதிரி ஒரே தகடாகக் கழன்று வந்தது. அடியில் காது இல்லை, காதாக இருந்த ஒன்று இருந்தது. காதின் நடுவைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் சதைக்குள் புதைந்து கிடந்தது. பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம். முடிக்குப் போட்டது நழுவி இறங்கிக் காதையே பிடித்திருக்கிறது. மேலே முடி மூடிக்கொண்டது. வளையத்துக்குக் கீழே காது கறுத்துச் செத்துப்போயிருந்தது. வளையம் இருந்த பள்ளத்தில் புழு நெளிந்தது.

பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த முனிலட்சுமி, "ஏசுவே" என்றாள். அவள் கிறிஸ்தவள் இல்லை. சூசை வாயில் வந்திருக்க வேண்டியது அவள் வாயில் வந்தது.

'தூக்கிக் கட்டிடுங்கம்மா' என்று தான் சொன்னது அப்போது சூசைக்கு நினைவு வந்தது. வளையத்தைக் கத்தரித்து எடுத்தார். அதோடு காதின் கீழ்ப்பாதியும் கையோடு வந்துவிட்டது. ரத்தம் அதிகம் வரவில்லை. வராததுதான் அவரைப் பயமுறுத்தியது.

சத்தம் கேட்டு சரோஜம்மாள் மாவுக் கையோடு வந்தார். அவருக்குப் பின்னாலேயே, தோட்டத்திலிருந்து வந்த நாராயணப்பனும். பாதி மொட்டையான நாய், தரையில் ஒரு காதுத் துண்டு, சூசையின் கையில் கத்தரி. இவைதான் நாராயணப்பன் கண்ணில் பட்டன.

"ஏமிரா இதி?" என்று தெலுங்கில் கத்தினார். பிறகு தமிழில், "என்னடா இது? காதை அறுத்துட்டியாடா?"

"இல்லைங்கய்யா. ரப்பர் வளையமுங்க, முடிக்குள்ள இருந்துச்சு. ரொம்ப நாளா இருந்திருக்கு. அம்மாவைக் கேளுங்க." அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

நாராயணப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சரோஜம்மாள் அந்த வளையத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அது எது, எப்போது போட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டதை சூசை பார்த்தார்.

"எனக்கு என்னா தெரியும்?" என்றார் சரோஜம்மாள். "காலையில நல்லாத்தான இருந்துச்சு."

முனிலட்சுமி தலை குனிந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

நாராயணப்பன் அடிக்கவில்லை. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மாடு கட்டி இறைக்கும் கவலைக் கிணற்றில் போட்டார். தண்ணீரில் விழுந்த சத்தம் வர நேரமானது.

"பெட்டி போனாப் போகுதுங்கய்யா," என்று சூசை பின்னாலேயே போய்க் கும்பிட்டார். "நாயைக் குடுங்க. சைக்கிள்ல வெச்சி நானே டாக்டர்கிட்ட இட்டுக்கினு போறேன். புழு உள்ள போயிருக்கு. இன்னிக்கே போவணும்."

"நீ இன்னொரு வாட்டி அதைத் தொட்டேன்னா கை இருக்காது. பொங்கல் முடியட்டும், டாக்டரை நான் வரவழைச்சுக்கறேன்."

மறுநாள் வந்த மகன் பொங்கல் முடியும்வரை காத்திருக்கவில்லை. நாயை ஜீப்பில் போட்டு அன்றே ஓசூருக்குக் கொண்டுபோனான். மாட்டு டாக்டர் புண்ணைக் கழுவி ஊசி போட்டார். விஷம் உடம்பில் ஏறிவிட்டது, மூன்று வாரம் முன்னால் பார்த்திருந்தால் காது மட்டும்தான் போயிருக்கும் என்று சொன்னாராம். டெய்சி மாட்டுப்பொங்கல் அன்று செத்தது. மூன்று வாரம் என்று டாக்டர் சொன்னதை அந்த வீட்டில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கத்தரி சூசையின் கையில் இருந்தது என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

செய்தி சைக்கிளைவிட வேகமாகப் போனது. சூசை மீதி எட்டு வீடுகளுக்கும் போய் நடந்ததைச் சொன்னார். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். "அப்படியா," என்றார் டாக்டர் வீட்டம்மாள். "சொல்லி அனுப்பறோம்," என்றார் மேஜர். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் அவர் கையில் மெஷின் இல்லை. ஓசூர்க் கடைத்தெருவில் முடிவெட்டும் கங்கப்பனிடம் பழைய மெஷின் ஒன்றை விலைக்குக் கேட்டார். "நாய்க்குப் போடறதுக்கா? இது மனுசனுக்கு ஓடினதுப்பா," என்று அவர் கொடுக்கவில்லை.

முனிலட்சுமியைச் சந்தையில் ஒருநாள் மடக்கிக் கேட்டார். "நீ பாத்தியே தாயி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்னை வெச்சிக்குவாங்களாண்ணா? எனக்கு மூணு புள்ளைங்க," என்றாள் அவள். சூசையால் அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. பையிலிருந்த முள்ளங்கியில் இரண்டை எடுத்து அவள் கூடையில் போட்டுவிட்டு வந்தார்.

அந்தக் கோடையில் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். நாற்பத்தெட்டு வயதில் மண் சுமக்கப் பழகுவது லேசில்லை. மனைவி சவரியம்மா இரவில் அவர் கைக்கு விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். முன்பு நாய் வாடை அடிக்கிறது என்று அவரைத் தள்ளிப் படுக்கச் சொன்னவள் அவள்தான். இப்போது அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

சூளைக்குப் போகும் வழியில் கழுத்துப்பட்டை இறுகிய நாயைக் கண்டால் சைக்கிளை நிறுத்திவிடுவார். "ரெண்டு விரல் உள்ள போவணும்ங்க, தளர்த்தி விடுங்க," என்பார். காலிடுக்கில் சிக்கு இருந்தால் காட்டுவார். பலர் அவரைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். ஒரு வீட்டில் விரட்டிவிட்டார்கள்.

அடுத்த வருஷம், 69-ல், முனிலட்சுமி மறுபடி வந்தாள். மகன் புதிதாக ஒரு ஸ்பானியல் குட்டி வாங்கி வந்திருக்கிறானாம். ஐயா சேலத்துக்குப் போயிருக்கிறாராம். அம்மா கூப்பிட்டாராம். சூசை அன்றைக்குச் சூளை வேலையை விட்டுவிட்டுப் போனார்.

சரோஜம்மாள் பின்பக்கக் கதவருகே நின்றிருந்தார். ஒன்றரை வருஷத்தில் இளைத்திருந்தார். குட்டி அவர் புடவைத் தலைப்பைக் கடித்து இழுத்தது. காதுக்குப் பின்னால் இப்போதே சிறு சிறு முடிச்சுகள் விழுந்திருப்பது தூரத்திலிருந்தே சூசைக்குத் தெரிந்தது.

"உள்ள வா சூசை. ஐயா வர்றதுக்கு ரெண்டு நாள் ஆவும். மாசா மாசம் இப்படி இவர் இல்லாத நாளா பாத்து சொல்லி அனுப்பறேன். புது மெஷின்கூட வாங்கி வெச்சிருக்கேன்."

சூசை வாசற்படியில் கால் வைக்கவில்லை. "அம்மா, ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் அறுக்கலைன்னு. அது போதும்மா."

சரோஜம்மாள் குட்டியைத் தூக்கிக்கொண்டார். கண் கலங்கியது. "இப்ப அதைச் சொல்லி என்னா ஆவப்போவுது? போனது போயிடுச்சு. தெரிஞ்சா எம்புள்ள எம்மூஞ்சியைப் பாப்பானா?"

"நானும் பாதிதாம்மா சொன்னேன் அன்னிக்கு. அவுத்து விடணும்னு சொல்லாம போயிட்டேன். அதையும் சேத்துச் சொல்லுங்க."

சரோஜம்மாள் குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். சூசை சைக்கிளைத் திருப்பினார்.

மத்திகிரி ஏரிக்கரை வந்ததும் இறங்கிவிட்டார். காதுக்குப் பின்னால் இருந்த முடிச்சுகள் கண்ணிலேயே நின்றன. பத்து நிமிஷ வேலை. அந்தக் குட்டி யாருக்கும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. திரும்பிப் போகலாமா என்று வெகுநேரம் நின்றார். பிறகு வீட்டுக்குப் போனார்.

"என்னாங்க, வேலை குடுத்தாங்களா?" என்று சவரியம்மா கேட்டாள்.

"இல்ல," என்றார் சூசை. மறுநாள் விடிந்ததும் சூளைக்குக் கிளம்பினார்.